நல்ல இடம் பார்த்து நிறுத்துவது

1

ஒரு புத்தகத்தை மூட முடியாமல் போனதிலிருந்து பிறந்தது இந்தக் கதை. புத்தகம் நான் எழுதியது. மூட முடியாதவள் கரமனையில் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளியிருக்கும் வடிவாம்பாள்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "கரமனை ஆற்றில் அன்று புது வெள்ளம்" — வேண்டாம். ஆற்றைக் கண்டதும் எழுத்தாளனுக்கு வருகிற வியாதி அது. பிறகு, "யுத்தமானது மனித குலத்தை" — அதையும் அடித்துவிட்டேன். யுத்தம் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? ரேஷன் கடை வரிசையில் நீங்களும்தானே நிற்கிறீர்கள்.

போகட்டும், என் நாவலின் முதல் பக்கத்தையே இங்கே வைக்கிறேன். ஒருத்தி உலையில் அரிசி போடுகிறாள். அவள் புருஷன் ஆற்றிலிருந்து கூஜா நிறையத் தண்ணீர் கொண்டு வருகிறான். வாசலில் நின்றபடியே கூஜாவைச் சாய்த்து அவள் கையில் கொஞ்சம் ஊற்றுகிறான். சில்லென்றிருக்கிறது, அவள் சிரிக்கிறாள். இரண்டாம் பக்கத்தில் உலகம் எரிந்துபோகிறது.

(இந்த முதல் பக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.)

2

நாவலின் பெயர் 'எல்லாம் வெந்தபின்'. கொல்லம் 1119 (இங்கிலீஷ் கணக்கில் 1944) தை மாதம் அச்சாயிற்று. எரிந்துபோன நாட்டில் ஒருவன் இடுப்பில் கூஜாவைக் கட்டிக்கொண்டு நடக்கிறான், அவ்வளவுதான் கதை. யாருக்கும் பெயர் கிடையாது. யாரும் வாய் திறப்பதில்லை. அத்தியாயங்கள் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வந்து கடைசி அத்தியாயம் ஒரே வரி: 'கூஜா நிறைய மழைத் தண்ணீர், குடிக்க ஆளில்லை.' இதைப் பெரிய சாதனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருக்கும் குற்றாலலிங்கம் பிள்ளை முழுக்கப் படித்துவிட்டு, கடைசியில் காகிதம் கிட்டாமல் போய்விட்டதா என்று பரிதாபமாக விசாரித்தார். காகிதக் கட்டுப்பாடு இருக்கிற காலம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருடைய உண்மையான ஆட்சேபம் வேறு. "ஊரே வெந்தாலும் ரெண்டு பேரு மிஞ்சினா அதுல ஒருத்தன் கடை வச்சிருப்பான் சாமி, கேட்டேளா. நீங்க ஒரு பெட்டிக்கடைகூட வைக்கலியே!"

காலேஜ் வாத்தியார் ஒருவர் இது நாவல் அல்ல, காய்ச்சல் என்றார். என் மனைவி சாவித்ரி விமர்சனமெல்லாம் செய்யவில்லை. இதை எழுதின கையால் குழந்தைக்குச் சோறு ஊட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். எனக்குக் கோபமான கோபம். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

3

மத்தியானங்களில் தெருப் பெண்கள் வடிவாம்பாள் வீட்டுக் கூடத்தில் கூடுவார்கள். அவள் படிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். பாராயணத்துக்கு உள்ள சட்டம்தான் அங்கே நாவலுக்கும். கதையில் யாராவது கஷ்டப்பட்டுக்கொண்டிருக்கும்போது புத்தகத்தை மூடக் கூடாது. கல்யாணமோ, பிள்ளைப்பேறோ, போனால் போகிறது ஒரு நல்ல சாப்பாடோ, நல்ல இடம் பார்த்து நிறுத்தி, கண்ணில் ஒற்றிக்கொண்டு மூட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கஷ்டம் வீட்டிலேயே தங்கிவிடும்.

என் நாவலை எங்கே நிறுத்துவது? தினமும் விட்ட இடத்திலேயே விரித்து வைத்து, மேலே ஒரு துணி போட்டிருக்கிறார்கள். கடைசி வரியும் படித்தாகிவிட்டது. புத்தகம் இன்னும் விரிந்தே கிடக்கிறது.

வடிவாம்பாளுக்கு அது கதையாக இருக்கவும் முடியாது. எங்கள் தெருவில் பெண்டுகள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ஆகவே அவள் அறிந்த பெயரில்லாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். ரங்கூனில் அரிசி மில்லில் கணக்கெழுதியவர். யுத்தத்தில் அங்கே குண்டு விழுந்ததும் மலைவழியாக நடந்து புறப்பட்டதாக ஒரு தகவல். இரண்டு வருஷமாக வேறு தகவல் இல்லை. அவர் கையோடு கொண்டுபோனது அவள் சீராகக் கொண்டுவந்த கூஜா. (அவள் சொல்லாத பெயரை நானும் இங்கே எழுதவில்லை.)

4

ஒரு காலை அவளுடைய மாமனார் வெங்கடேஸ்வரையர் என்னைத் தேடி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சாம்பசிவா, சும்மாதே யாராவது இப்படி எழுதுவாளோடா? நீ சர்க்கார் ஆபீஸ்ல இருக்கே. நோக்கு விவரம் கிட்டியிருக்கு. ஒரு வார்த்தை சொல்லிடு. செத்திருந்தா அவனுக்கு ஒரு கை தண்ணி விட வேண்டாமா? தொண்டை வறண்டு அலையறானோ என்னமோ."

காணாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது சாஸ்திரம். செய்தி கிடைத்தால் காத்திருக்க வேண்டியதில்லை. தர்ப்பையில் ஓர் உருவம் செய்து எரித்து, வருகிற ஆடி அமாவாசைக்கே எள்ளும் தண்ணீரும் விடலாம். அப்பாவுக்கு மனசு ஆறும். ஆனால் வடிவாம்பாள் நெற்றியில் குங்குமம் இருக்காது, தலையில் மயிர் இருக்காது. அவளுக்கு இருபத்தாறு வயது.

எல்லாம் கற்பனை மாமா என்றேன்.*

* கற்பனை இல்லை. ரங்கூனிலிருந்து நடந்து வந்தவர்களின் வாக்குமூலத்தை எழுதிக்கொள்வதுதான் ஆபீஸில் என் வேலை. நாகர்கோவில்காரர் ஒருவர் சொன்னார்: இடுப்பில் கூஜா கட்டிய ஓர் ஐயர், வழியில் விழுந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தாராம். பிறகு அவரே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாராம். மூச்சு அடங்கும்வரை கூட இருந்துவிட்டு நடந்தோம் என்றார். பெயர் கேட்டேன், தெரியாது என்று சொல்லி அழுதார். அன்று சாயங்காலம்தான் நாவலை ஆரம்பித்தேன்.

5

அடுத்த நாள் வடிவாம்பாளே வந்தாள். சாவித்ரியின் பக்கத்தில் நின்றுகொண்டு, தரையைப் பார்த்துக் கேட்டாள். "ஒரே ஒரு பக்கம் எழுதித் தாங்கோ அண்ணா. புஸ்தகத்தை மூடணும்."

(இந்த இடத்துக்கு மூன்று வழி எழுதிப் பார்த்தேன். முதல் வழி, அவள் கேட்ட பக்கம். அவர் ரயிலைவிட்டு இறங்கி வருகிறார், தெருவே கூடுகிறது. தாது புஷ்டி லேகிய விளம்பரம் மாதிரி இருந்தது, கிழித்துப்போட்டேன். இரண்டாவது, மாமனாரிடம் சொன்ன பொய்யையே இவளிடமும் சொல்வது. மூன்றாவது, உண்மையை —

நடந்தது இந்த மூன்றும் இல்லை.)

அவளைப் பார்த்துப் பொய் வரவில்லை. ஆபீஸில் ஒருவர் சொன்னார் என்று ஆரம்பித்தேன். மலைவழி, கூட்டம், வெயில். ஒரு மனிதர் இடுப்பில் கூஜா கட்டிக்கொண்டு, விழுந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நடந்தாராம் என்றேன். அப்புறம் —

வடிவாம்பாள் கையை உயர்த்தினாள்.

"அது நல்ல இடம் அண்ணா. அங்கேயே நிறுத்திடுங்கோ."

நிறுத்தினேன். அவள் முகத்தைப் பார்த்தேன். மீதி அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாவித்ரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவள் அழவில்லை.

மறுநாள் மத்தியானம் கூடத்தில் பெண்களிடம், கூஜாக்காரர் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்ததைத் தன் வாயால் சொல்லி முடித்தாளாம். பிறகு புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மூடினாளாம்.

6

இந்தக் கதைக்கு முடிவு எழுத வராமலில்லை. ஒரே வரிதான், என் நாவலின் கடைசியில் ஏற்கெனவே அச்சாகியும் இருக்கிறது.

நாளை ஆடி அமாவாசை. மாமா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். இதோ தெருமுனையில் வருகிறார், தடி தட்டுகிற சத்தம் கேட்கிறது. பிள்ளைக்கு ஒரு கை தண்ணீர் விட வேண்டும் அவருக்கு. நான் வாயைத் திறந்தால் அது அவருக்குக் கிடைக்கும், வடிவாம்பாளின் குங்குமமும் தலைமயிரும் போகும். திறக்காவிட்டால் ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றியவன் தாகத்தோடு அலைகிறான் என்று நினைத்துக்கொண்டே அந்தக் கிழவர் கண்ணை மூடுவார். எனக்குத் தெரியவில்லை ஐயா. நீங்களே சொல்லுங்கள்.

சொல்ல முடியவில்லையென்றால் பாதகமில்லை. ஆனால் இந்த இடத்தில் மூடிவிடாதீர்கள். உங்கள் வீட்டிலும் மனுஷர்கள் இருப்பார்கள். முதல் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். உலையில் அரிசி கொதிக்கிறது. ஆற்றிலிருந்து அவர் வந்துவிட்டார், கூஜா நிறைய இருக்கிறது. அவள் கையை நீட்டுகிறாள்.

அங்கே மூடுங்கள்.