தாழ் போட்ட ஜெபம்

லெயோகான் டவுனுக்கு மேற்கே, கரும்புக்காட்டு நடுவில் இருக்கும் எபெனேசர் ஆலயத்துக்கு அன்று மாலை மறுபிரதிஷ்டை. நிலநடுக்கத்தில் விழுந்து சரியாகப் பத்து வருடம். அதே ஜனவரி, அதே பன்னிரண்டாம் தேதி. கிழமை மட்டும் செவ்வாய்க்குப் பதில் ஞாயிறு. உண்மையில் அக்டோபரிலேயே முடித்திருக்க வேண்டிய வேலை. போராட்டக்காரர்கள் தெருவுக்குத் தெரு டயர் கொளுத்தி நாட்டையே பூட்டிப் போட்டதில் சிமென்ட் லாரி வராமல் மூன்று மாதம் தள்ளிப்போயிற்று. அதுவும் நல்லதுக்குத்தான், நாள் பொருந்தி வந்துவிட்டதே என்று சபையார் சந்தோஷப்பட்டார்கள். சென்வில் ஒருவருக்கு மட்டும் அந்தப் பொருத்தம் பிடிக்கவில்லை.

சென்வில் அந்தச் சபையின் கதவுக்காரர். வயது அறுபத்து நான்கு. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. கையில் வெள்ளைக் கையுறை, சட்டையில் நீலப் பட்டை, முகத்தில் ஒரு விறைப்பு. ஜெபம் ஆரம்பித்துவிட்டால் அவர் கதவைச் சாத்துவார். முடிகிறவரை யாரும் உள்ளே வரக்கூடாது, வெளியே போகவும் கூடாது. ஆண்டவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே நடக்கலாமா? அந்தப் பக்கத்துச் சபைகளில் எல்லாம் உள்ள வழக்கம்தான் இது. ஆனால் சென்வில் மாதிரி அதைக் கட்டிக் காத்தவர் எவருமில்லை. டவுனிலிருந்து வந்த நீதிபதியையே கால் மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்த மனுஷர். "சென்வில் அண்ணன் சாத்துனா பரலோகத்தையே சாத்துன மாதிரி" என்று பையன்கள் கேலி பேசுவார்கள். அதில் அவருக்குப் பெருமை வேறு.

அந்தப் பெருமைதான் குடியைக் கெடுத்தது. பத்து வருடத்துக்கு முன்னால், செவ்வாய்க்கிழமைதோறும் மாலை பாடகர் குழுவுக்கு ஒத்திகை. ஒத்திகைக்கு முன்னால் ஒரு நீண்ட ஜெபம் நடக்கும். எல்லாரும் கண்ணை மூடியிருக்கும் நேரம் பார்த்து இளசுகள் ஒவ்வொன்றாக நழுவி மாமரத்தடிக்குப் போய்ச் சிரித்துக்கொண்டு நிற்கும். உள்தாழ்ப்பாளை அதுகளே திறந்துகொண்டால் கதவுக்காரன் எதற்கு? சென்வில் கொல்லனிடம் போய் ஒரு இரும்புத் தாழ் அடித்து வாங்கி வந்து கதவின் வெளிப்பக்கம் மாட்டினார். ராத்திரி பூட்டுவதற்காக்கும் என்று ஊர் நினைத்தது. செவ்வாய்க்கிழமை ஜெபத்தின்போது அது போடப்படுகிறது என்பது பாடகர் குழுவுக்கு மட்டும் தெரியும்.

மாட்டி மூன்றாவது வாரம், ஜெபம் தொடங்கிக் கதவைச் சாத்திய பிறகு, தாழ் போடுவதற்குள் இஸ்மானி தன் மகள் மிர்லாந்தைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். இஸ்மானி சந்தை வாசலில் வாழைக்காய் பொரித்து விற்பவள். மகளுக்குப் பதினாறு வயது, ஒரே பிள்ளை.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை முத தடவையா தனியா பாடப்போறா. தலை பின்னி விட்டதுல நேரமாயிடுச்சு, என் தப்புதான். இந்த ஒரு தடவை மட்டும் விடுங்கண்ணே."

சென்வில் யாருக்கும் இறங்கிக் கொடுக்காதவர். அன்றைக்கு என்னவோ இறங்கிவிட்டார். கதவை ஒரு ஆள் நுழைகிற அளவு திறந்தார், அந்தப் பெண் "வர்றேன் மாமா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போயிற்று. இஸ்மானி சந்தைக்குத் திரும்பினாள். சென்வில் தாழைப் போட்டுவிட்டு மாமரத்தடியில் உட்கார்ந்து கரும்பு சீவினார்.

ஐந்து மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது பூமி உறுமியது. கதவு அவருக்குப் பதினைந்து அடி தூரம். சென்வில் கதவுப் பக்கம் ஓடவில்லை. எதிர்ப்பக்கம் ஓடினார். உயிர்ப்பயம் என்றால் அப்படித்தான், யார் வேண்டுமானாலும் ஓடுவார்கள் என்று நான் சொல்லலாம். அவர் அப்படி ஒரு நாளும் தனக்குச் சொல்லிக்கொண்டதில்லை.

புழுதி அடங்கித் திரும்பி வந்தபோது கூரையும் மூன்று சுவரும் இல்லை. பாட்டன்மார் ஆற்றுக் கல்லால் கட்டிய முகப்பு மட்டும் கதவோடு நின்றது. சென்வில் தாழை இழுத்தார். கதவு அதுவாகவே அவர் பக்கம் திறந்தது, அவ்வளவு பேர் அதன்மேல் சாய்ந்திருந்தார்கள். முதலில் அவர் கையில் விழுந்தது மிர்லாந்த். உள்ளே இருந்த இருபத்திரண்டு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. பிறகு ஓடி வந்தவர்கள் திறந்த கதவையும் வாசற்படியில் கிடந்தவர்களையும் பார்த்துவிட்டு, ஐயோ, ஒரு நொடி போதாமல் போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். தாழ் போட்டிருந்ததை அவர் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சென்வில் பத்து வருடம் மறைத்தார்.

மறைத்தது கூடப் பெரிதில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகிப்போனதுதான் அவரை அரித்தது. இஸ்மானி ஒவ்வொரு ஞாயிறும் மூடி போட்ட தட்டில் சோறும் அவரைக் குழம்பும் கொண்டுவந்து அவர் முன்னால் வைப்பாள். "என் புள்ளைய முதல்ல தூக்குன கை அண்ணே இது" என்பாள். அவர் மென்று விழுங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க சட்டமாத்தான் நின்னீங்க. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி அவள உள்ள தள்ளிக் கொன்னேன்" என்று ஒருபாட்டம் அழுதுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டு போவாள். நம் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் இவள் பாரம் இறங்கிவிடுமே என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பார். வெளியே சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம். ஒவ்வொரு ஞாயிறும் வெட்கம்தான் ஜெயித்தது.

இன்றைக்கு விடக்கூடாது என்று மூன்று மணிக்கே கோயிலுக்கு வந்துவிட்டார். பாஸ்டர் ஒரெஸ்த் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான்கு வருடத்துக்கு முன் வந்த இளவயசுக்காரர், பிழைக்கப் போன ஊர்க்காரர்களிடம் இந்தக் கட்டடத்துக்காகக் காசு திரட்ட மயாமிக்கும் மொந்த்ரியாலுக்கும் நடையாய் நடந்தவர்.

"பாஸ்டர், இன்னைக்கு வாசிக்கப்போற சபை வரலாற்றுப் புத்தகத்துல ஒரு வரி தப்பா இருக்கு."

"இப்பவா பிரதர்? அச்சாகி வந்து ரெண்டு வாரமாச்சு. யார் பேரு விட்டுப்போச்சு?"

"பேரு இல்ல. கதவு திறந்திருந்துச்சுன்னு போட்டிருக்கு. திறந்து இல்ல. நான் வெளிய தாழ் போட்டிருந்தேன்."

பாஸ்டர் மைக்கை அணைத்தார். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"உள்ள இருந்தவங்களுக்குத் தெரியும்."

பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. அவருக்கும் அன்றைக்குத்தானா இது வரவேண்டும்?

"பிரதர், பிளேன் புடிச்சு வந்திருக்காங்க. பத்து வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் இந்த ஜனங்க இந்த வாசல்ல சிரிச்சுக்கிட்டு நுழையப்போறாங்க. நாளைக்கு நாம ரெண்டு பேரும் உக்காந்து ஜெபிப்போம்."

"பத்து வருஷமா நாளைக்குத்தான் பாஸ்டர்."

"கையுறையப் போடுங்க. ஆள் வர ஆரம்பிச்சாச்சு."

நான்கு மணிக்குள் கோயில் நிரம்பிவிட்டது. வெள்ளை உடுப்பும் தலைத்துணியுமாகப் பெண்கள், விறைத்த கோட்டுக்குள் வியர்க்கும் ஆண்கள். புதுக் கூரை தகரம். கான்கிரீட் என்ற பேச்சை எடுத்தாலே கிழவிகள் அடிக்க வந்தார்கள். முகப்பு மட்டும் பழைய கல். கதவும் பழையதுதான், புது மெருகு பூசியிருந்தார்கள். இரும்புத் தாழ் இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டையைத் தச்சன் பூசி அடைத்திருந்தான்.

பாஸ்டர் சபையின் வரலாற்றை வாசித்தார். கியூபாவில் கரும்பு வெட்டப்போன நான்கு குடும்பங்கள் ஒரு பாட்டுப் புத்தகத்தோடு திரும்பி வந்து மாமரத்தடியில் ஜெபித்தது, பெண்கள் ஆற்றுக் கல்லைத் தலையில் சுமந்தது, முதல் சூறாவளியில் கூரை பறந்து அடுத்த ஊர்க்காரன் பன்றிக்கொட்டில் மேல் போய் உட்கார்ந்தது, அவன் திருப்பித் தரமாட்டேன் என்று சண்டை பிடித்தது. ஜனங்கள் சிரித்தார்கள். அப்புறம் அந்த வரி வந்தது. "ஆலயக் கதவு திறந்தே இருந்தும், ஒரு நொடி போதாமல், நம் அன்பர்கள் இருபத்திரண்டு பேர் வாசலிலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தனர்." மற்றதையெல்லாம் நிறுத்தி நிதானமாக வாசித்த பாஸ்டர் அதை மட்டும் அவசரமாக வாசித்தார். சென்வில் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு சாட்சி சொல்ல இஸ்மானியைக் கூப்பிட்டார்கள். அவள் மைக்கை எட்டப் பிடித்துக்கொண்டு, ஞாயிறுதோறும் அவரிடம் சொல்வதையே சொன்னாள். "கதவு சாத்துனப்புறம் கெஞ்சி உள்ள தள்ளுனவ நான். சென்வில் அண்ணன் வேணாம்னுதான் சொன்னாரு. ஆண்டவர் அவருக்கு அறிவு குடுத்தாரு, எனக்குக் குடுக்கல. பத்து வருஷமா மன்னிப்புக் கேக்குறேன், பதிலக் காணோம்." முன்வரிசையில் இருந்தவர்கள் விம்மினார்கள். சென்வில் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. அவரைப் பெரியவராக்க அவளாகச் சேர்த்துக்கொண்டது அது.

பிரதிஷ்டை ஜெபத்துக்கு எல்லாரும் எழுந்தார்கள். சென்வில் கதவைச் சாத்தப் போனபோது இஸ்மானி கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு அவரைத் தாண்டி வெளியே வந்தாள். அவர் தடுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றார். அவள் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள மூச்சு முட்டுதுண்ணே. ஜெபத்து நடுவுல வந்துட்டேன், திட்டாதீங்க."

"இஸ்மானி, அது உன் தப்பு இல்ல."

"எத்தன தடவ சொல்லுவீங்க. விடுங்க."

"கேளு. கதவு திறந்து இல்ல அன்னைக்கு. நான் தாழ் போட்டிருந்தேன். வெளிப்பக்கம்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "என்ன தாழு?"

அவர் சொன்னார். கொல்லனிடம் போனது, மூன்று வாரம் போட்டது, கரும்பு சீவியது, ஓடியது, திரும்பி வந்து தாழை இழுத்தது, ஒன்று விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது. அதுதான் கேவலம், அந்த நேரத்திலும் அவருக்கு லேசாகத்தான் இருந்தது. "கடைசியா உள்ள போனவ அவ. கதவுகிட்டயே நின்னிருப்பா. தாழ் இல்லேன்னா முதல்ல வெளிய வந்திருப்பா. நீ கொல்லல, நான்தான். இனிமே உன்னத் திட்டிக்காத" என்று முடித்தார்.

அவள் அழுவாள், அறைவாள், கத்திக் கூப்பாடு போடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் இருந்தார். அவள் படியில் அப்படியே இருந்தாள்.

"கண்ண மூடி ஜெபத்துல இருந்தா, அப்படியே ஆண்டவர் எடுத்துக்கிட்டாருன்னு நெனச்சிருந்தேன்" என்றாள். "வலி தெரிஞ்சிருக்காதுன்னு."

சென்வில் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"தட்டுனாங்களா?"

"இஸ்மானி..."

"கதவத் தட்டுனாங்களாண்ணே?"

"தட்டுனாங்க."

"எவ்வளவு நேரம்?"

"நான் வாய்க்கால் தாண்டுற வரைக்கும் கேட்டுச்சு."

"யாராச்சும் கூப்பிட்டாங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பத்து வருடம் சொன்ன பொய்க்கு இன்னொன்று ஒரு கனமா? ஆனால் இனி பொய்யே கூடாது என்று காலையில் சத்தியம் செய்துவிட்டு வந்த மனுஷர், பாழாய்ப்போன அந்தச் சத்தியத்தை அங்கே போய்க் காப்பாற்றினார்.

"மாமான்னு ஒரு குரல் கேட்டுச்சு."

ஊரில் சிறிசு பெருசு எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். மாமா என்று கூப்பிட்டது ஒருத்தி மட்டும்.

இஸ்மானி தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். திரும்பக் கட்டிக்கொள்ளவில்லை. உள்ளே பாஸ்டர் ஆபிரகாமின் தேவனே, ஈசாக்கின் தேவனே என்று குரலை உயர்த்த, ஜனங்களும் கூடவே குரல் உயர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"என் தப்புன்னு நெனச்சப்ப அழுதேன். அழுது முடிச்சா தூக்கம் வரும்" என்றாள். "உங்களுக்குப் பாரம் எறங்கிடுச்சு. இந்தச் சத்தத்த வச்சுக்கிட்டு நான் இனிமே என்ன பண்றது, சொல்லுங்க."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, கரும்புக்காட்டு வழியே வீட்டுப் பக்கம் நடந்தாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, சந்தை முடிந்து போகிற மாதிரி நடந்தாள்.

உள்ளே ஆமென் என்று கூரை அதிரச் சொன்னார்கள். கதவைத் திறக்கவேண்டிய நேரம். திறந்தார். பாட்டுச் சத்தத்தோடு ஜனங்கள் வெளியே வந்தார்கள். முதலில் வந்தது மயாமியிலிருந்து வந்த ஒரு அம்மாள், தம்பியை அந்த இருபத்திரண்டில் பறிகொடுத்தவள். அவர் கையுறைக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அத்தன பேர்ல உங்கள மட்டும் விட்டு வச்சிருக்காரே ஆண்டவர், ஏதோ ஒரு காரியத்துக்குத்தான் அண்ணே" என்றாள்.

"ஆமென்" என்றார் சென்வில்.

அவள் நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் சபை முழுவதும் அவர் கையைக் குலுக்க வரிசையில் நின்றது.