லட்டுவின் மேல் ஊற்றிய இரண்டு சொம்புத் தண்ணீர்

1

இந்தக் கதை ஓர் ஆண் நாயின் குறி நுனியில் நின்ற மஞ்சள் சொட்டிலிருந்து பிறந்தது. முகம் சுளிப்பவர்கள் இப்போதே அடுத்த பக்கம் போய்விடலாம். அங்கே சமையல் குறிப்போ ராசிபலனோ இருக்கும்.

டெல்லித் தமிழர்களைப் பற்றி ஒரு கதை வேண்டும் என்று ஒரு பத்திரிகையில் கேட்டார்கள். "ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் தேடுறது, குளிர்ல மார்கழிக் கோலம், அந்த மாதிரி இதமா" என்றார் உதவி ஆசிரியர். என்னிடம் ஒரு நாய்க்கதைதான் இருக்கிறது என்றேன். "சிறுவர் மலருக்கா?" என்று கேட்டார்.

கதையை எனக்குச் சொன்னவள் கால்நடை மருத்துவர். பெயரையும் ஊரையும் மாற்றிப் பொன்னி என்று வைத்திருக்கிறேன். மற்றவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அவர்களுக்கு அது தேவையே இல்லை. அவர்களைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'லக்ஷ்மிபாய் நகர்க் குடியிருப்பின் மீது டிசம்பர் மூடுபனி ஒரு பழைய கம்பளியைப் போல—'

வேண்டாம். மூடுபனிக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் கிடையாது.

இரண்டாவது: 'பொன்னிதான் அவள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். அவளுடைய அப்பா—'

இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்கள் அவளைப் பாராட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். பாராட்டியவர்கள் பிறகு அவளிடம் பொறுமையை எதிர்பார்ப்பார்கள்.

நாயிலிருந்தே தொடங்குகிறேன்.

லட்டுவுக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. வெண்ணெய் நிற லாப்ரடார். அவனை ஐ.என்.ஏ. பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டி வந்தவர்கள் இரண்டு பேர்: ஹம்சா, அவளுடைய மாமனார் சேஷன். சேஷன் மத்திய சர்க்காரில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வுபெற்றவர். வழக்கமாகப் பார்க்கும் பெரிய டாக்டர், கிளினிக்கின் முதலாளி, அன்று வேறு அறுவையில் இருந்தார். அதனால் பொன்னியிடம் அனுப்பினார்கள்.

"டாக்டர், இவனுக்கு அந்த இடத்துல என்னமோ வடியறது" என்றாள் ஹம்சா.

"எந்த இடத்துலம்மா?"

பொன்னிக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டாள். வளர்ப்பவர்கள் வாயால் ஒரு தரம் சொல்லிவிட்டால்தான் பிறகு கையால் தொடுவார்கள் என்பது அவள் அனுபவம்.

"அதான்... கீழ."

"டிஸ்சார்ஜ்" என்றார் சேஷன், சுவரில் இருந்த காலண்டரிடம்.

பொன்னி லட்டுவைப் புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்தாள். அவன் வாலை ஆட்டிக்கொண்டே அவள் முழங்கையை நக்கினான். "வயசுக்கு வந்த ஆண் நாய்க்கு இது சகஜம்மா. தோலுக்குள்ள ஊறி வெளிய வருது. கொஞ்சமா, நாத்தம் இல்லாம இருந்தா பயமில்ல. வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில பஞ்சை நனைச்சுத் துடைச்சு விடுங்க. நுனியில இருக்குற முடியக் கொஞ்சம் கத்தரிச்சு விடுங்க. ரத்தமோ சீழோ வந்தா, இல்ல ஓயாம நக்கிட்டே இருந்தா, உடனே கூட்டிட்டு வாங்க."

"யார் தொடைக்கறது?"

"யார் வளக்குறாங்களோ அவங்கதான்."

ஹம்சா சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பு. (ஹம்சாவை எனக்குப் பிடிக்கும். அதனால்தான் அவளை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது.) "அது மட்டுமில்ல டாக்டர். சுவாமி அலமாரி கால்ல தெனமும் அபிஷேகம் பண்றான். மாமனார் ஜபத்துக்கு உக்காந்தா முதுகுல ஏர்றான். சிப்பந்தி வந்தா அவ கால விடமாட்டேங்கறான். மானமே போறது."

"ஆபரேஷன் பண்ணிட்டா சுத்தமாயிடுவானா?" என்று கேட்டார் சேஷன்.

"வடியுறது நல்லா குறையும் சார். மேல ஏறுறதும் குறையும். கால் தூக்குறது பழக்கமாயிட்டா கொஞ்ச நாள் இருக்கும். ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கே எல்லாம் நின்னுடாது. ஒடம்புல ஊறுனது வடிய வாரக் கணக்காகும்."

"அச்சா" என்றார் சேஷன். "டாக்டர் நன்னா எக்ஸ்ப்ளெய்ன் பண்றேள்."

டாக்டர். பண்றேள். இந்த இரண்டு சொற்களையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.*

* அடிக்குறிப்பு: நல்ல கதையில் ஆசிரியர் இப்படிக் கையைப் பிடித்துக் காட்டக்கூடாது என்பார்கள். நான் காட்டுவேன். காட்டாமல் விட்டால் 'எனக்கு அப்படித் தோணலையே' என்று சொல்ல உங்களுக்கு வசதியாகிவிடும்.

3

அறுவைக்கு நாள் குறித்தபின் சேஷன் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"தமிழ் கேட்டு எத்தனை நாளாச்சு! எந்த ஊரும்மா?"

"விழுப்புரம் பக்கம் சார்."

"பக்கம்னா?"

"திருக்கோவிலூர் போற வழி."

"வழியில எங்க? நான் அந்தப் பக்கம் கோயில் எல்லாம் சேவிச்சிருக்கேன். ஊருக்குள்ளயா, தள்ளியா?"

"தள்ளித்தான் சார்."

"அப்பா என்ன பண்றார்?"

"செங்கல் சூளை."

"சொந்தமா?"

"சூளை ஓனரோடது. சூடு மட்டும் எங்களோடது."

சேஷன் தலையை ஆட்டினார். வேண்டியது கிடைத்துவிட்டது. இந்தியா கேட்டில் இருந்து ஆட்டோவில் போகிறவர் 'இடது, வலது, போதும், இங்கேயே நிறுத்து' என்பதுபோல அவர் விழுப்புரத்திலிருந்து அவள் தெரு வரைக்கும் வந்து இறங்கிவிட்டார்.

"கஷ்டப்பட்டு மேல வந்திருக்கே. சந்தோஷம்" என்றார்.

வந்திருக்கே. 'ள்' இல்லாமல், ஏகாரத்தோடு அவர் நிறுத்திக்கொண்டார். மரியாதையைக் கழற்றி ஜோல்னாப் பையில் போட்டுக்கொள்ள அவருக்கு ஐந்தாறு கேள்விகளே போதுமாக இருந்தன.

(இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். பொன்னி அன்றிரவு தன் அறையில் அழுவதாக. அடித்துவிட்டேன். அவள் அழவில்லை என்று சொன்னாள். மோமோ வாங்கித் தின்றுவிட்டுத் தூங்கினாளாம்.)

4

அறுவை நன்றாக நடந்தது. பொன்னி செய்தாள். கம்பவுண்டர் ஆரிப் உடன் இருந்தான். சின்ன வெட்டு, சீரான தையல். மாலையில் லட்டு கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு, குடிகாரனைப் போலத் தள்ளாடிக்கொண்டு எழுந்து நின்றான்.

ஹம்சாவிடம் தமிழில் பொன்னி சொன்னாள்: "பத்து நாளைக்குக் காயத்துல பொட்டுத் தண்ணி படக்கூடாது. குளிப்பாட்டவே கூடாது. கூம்பைக் கழட்டாதீங்க, நக்கிடுவான். தெனம் ஒருவாட்டி தையலப் பாருங்க."

"அச்சா, அச்சா. குளிப்பாட்ட மாட்டோம்."

மூன்றாம் நாள் சேஷன் பெரிய டாக்டருக்குப் போன் செய்தார். தையல் பிரிந்துவிட்டது, சீழ் கட்டியிருக்கிறது, நாய் சாப்பிடுவதில்லை.

இந்தப் போனை நான் மூன்று விதமாக எழுதிப்பார்த்தேன். இரண்டாவது வரைவில் சேஷன் 'கோட்டாவில் வந்த டாக்டர்' என்று சொன்னார். கோபத்தில் எழுதியது. எடுத்துவிட்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் அப்படிச் சொல்வதே இல்லை. "அந்தப் பெண்ணுக்கு அனுபவம் போதாது" என்று மிக அழகான இந்தியில் சொன்னார். அதற்குமேல் சொல்ல வேண்டிய அவசியம் டெல்லியில் இல்லை.

பெரிய டாக்டர் பொன்னியைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, கடை வைத்திருப்பவர். "பேட்டா, பழைய குடும்பம். லக்ஷ்மிபாய் நகர்க் குவார்ட்டர்ஸ் நாய்கள் பாதி அவர் சொல்லித்தான் இங்கே வருகின்றன. வந்ததும் ஸாரி சொல்லிவிடு. காரணமெல்லாம் வேண்டாம். முடியாதென்றால் திங்கட்கிழமையிலிருந்து வேறு இடம் பார்த்துக்கொள்."

தொழிலில் முதல் வருஷம். செய்யாத தவற்றை ஒப்புக்கொண்டால் 'அறுவையைக் கெடுத்தவள்' என்ற பெயர் ஊரெல்லாம் போகும். ஒப்புக்கொள்ளாவிட்டால் வேலை போகும்.

5

லட்டு மேசையில் கிடந்தான். பொன்னி குனிந்து பார்த்தாள். காயத்தின் உதடுகள் விலகியிருந்தன. தையல் நூல், சுற்றியிருந்த முடி, தோல் மடிப்பு, எல்லாம் மஞ்சள். சீழின் மஞ்சள் வேறு. இது கடையில் வாங்குகிற மஞ்சள்.

"தண்ணி ஊத்துனீங்களாம்மா?"

"குளிப்பாட்டல" என்றாள் ஹம்சா அவசரமாக. "சும்மா வாசல்ல நிக்கவெச்சு ரெண்டு சொம்பு. கொஞ்சம் மஞ்சப்பொடி கலந்து. சோப்பே போடல. அது எப்படிக் குளிப்பாட்டறது ஆகும்?"

அவள் பொய் சொல்லவில்லை. குளியல் வேறு, தீட்டுக் கழிப்பது வேறு என்று அவள் உண்மையாகவே நம்பினாள். டாக்டர் தடுத்தது முதலாவதைத்தான்.

"எங்காத்து வழக்கம்" என்றார் சேஷன். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தா யாரா இருந்தாலும் தலைக்கு ஊத்திண்டுதான் உள்ள வரணும். இதுவும் ஹைஜீன்தானே? நீதானே சுத்தம் சுத்தம்னு லெக்சர் அடிச்சே? மஞ்சள் கிருமிநாசினி. நீ தையல ஒழுங்காப் போட்டிருந்தா ரெண்டு சொம்புல பிரியுமா?"

பொன்னி பஞ்சை மருந்தில் நனைத்துக் காயத்தைத் துடைக்கத் தொடங்கினாள். லட்டு முனகினான். ஆரிப் அவன் தலையைத் தடவிக் கொடுத்தான்.

(நாய் பிழைத்துக்கொண்டது. திரும்பத் தைத்து, மருந்து கொடுத்து, இரண்டு வாரத்தில் சரியானான். நாய்க்காக மட்டும் படித்துக்கொண்டிருந்தவர்கள் இங்கேயே நிம்மதியாக எழுந்து போகலாம். அதிகம் பேர் எழுந்திருப்பீர்கள் என்று தெரியும்.)

"போன மாசம் ஊசி போட வந்தீங்களே, அன்னிக்கும் வீட்டுக்குப் போயி ஊத்துனீங்களா?" பொன்னி தலை நிமிராமல் கேட்டாள்.

"இல்லையே" என்றாள் ஹம்சா.

"காதுல சீழ் வச்சு ஒரு நாள் முழுக்க இங்கயே கெடந்தானாமே, அன்னிக்கு?"

"அன்னிக்கும் இல்ல. அப்போல்லாம் பெரிய டாக்டர்னா தொட்டுப் பார்த்தார்—"

ஹம்சா நிறுத்தினாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தவளின் முகம் எப்படி இருக்கும் என்று பொன்னி எனக்கு விவரிக்க முயன்றாள். முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. 'ஹம்சாவின் முகம்—' என்று நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் விட்டிருக்கிறேன்.

சேஷன் காலண்டரைப் பார்த்தார்.

வாசலில் நின்றிருந்த பெரிய டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அறை திடீரென்று அமைதியானது மட்டும் தெரிந்தது. "க்யா போலா? க்யா போலா இன்ஹோனே?" இவர்கள் என்ன சொன்னார்கள்?

"குச் நஹீ, டாக்டர் ஸாப்" என்று முந்திக்கொண்டார் சேஷன். "பச்சி ஹை." ஒன்றுமில்லை, சின்னப் பெண்தானே.

பெரிய டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. பொன்னியைப் பார்த்தார்.

"தும் பதாவ், பேட்டா." நீ சொல்.

6

பத்திரிகைக்குப் பிடித்த முடிவு: ஹம்சா ஓடிவந்து பொன்னியின் ரத்தக் கையுறையைப் பிடித்துக்கொண்டு, 'எங்களை மன்னிச்சுடு' என்கிறாள். சேஷன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். இரண்டு பேரும் ஒரே தமிழில்— போதும். எழுதும்போதே குமட்டுகிறது.

என் சிநேகிதிகளுக்குப் பிடித்த முடிவு: பொன்னி எல்லாவற்றையும் இந்தியில் போட்டு உடைக்கிறாள். கோட்டைக் கழற்றி மேசையில் வீசுகிறாள். கைதட்டல். திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் வாடகையை யார் கொடுப்பார்கள் என்று கைதட்டியவர்களைக் கேட்டால் எல்லாரும் செல்போனைப் பார்ப்பார்கள்.

நடைமுறை முடிவு: "ஸாரி சர், மேரி கல்தி தீ" என்கிறாள். என் தவறுதான். ஹம்சா அடுத்த முறை பொங்கல் கொண்டுவருகிறாள். நல்ல பெண், அனுசரித்துப் போகிறாள் என்று பெயர் வாங்குகிறாள்.

இதில் எது நடந்தது என்று எனக்குத் தெரியும். பொன்னி சொன்னாள். உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அவள் பேசினாள் என்றால் 'சபாஷ்' என்று மூடிவைப்பீர்கள். பேசவில்லை என்றால் 'பாவம்' என்று மூடிவைப்பீர்கள். இரண்டில் எதையும் நான் உங்களுக்குக் கொடுக்க விரும்பவில்லை.

ஆகவே கதை இங்கே நிற்கிறது. நாயின் காயம் திறந்திருக்கிறது. பொன்னியின் கையில் பஞ்சு. பெரிய டாக்டர் பதிலுக்குக் காத்திருக்கிறார். தேவைப்படுவது ஒரே ஒரு வாக்கியம்: லட்டுவின் மேல் ஏன் தண்ணீர் ஊற்றினார்கள். இந்தியில்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. உங்களுக்கு எந்த மொழி வருமோ அதில் சொல்லிப்பாருங்கள். தனியாக, மனசுக்குள் வேண்டாம். உங்கள் வீட்டுக் கூடத்தில், எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, உரக்க.