தழும்பில் சிக்கிய தீவுகள்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சாலமோனின் வலது பாதத்தில் முன்பாதியை வெட்டி எடுப்பதென்று முடிவாகியிருந்தது. அந்த முடிவைத் தாங்கி நின்ற ஆதாரமோ, மிளகளவுகூடத் தேறாத மூன்று தோல் துணுக்குகளைப் பார்த்துவிட்டுத் தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்று வியர்வைச் சுரப்பிப் புற்று என்று எழுதிக் கொடுத்த அரைப்பக்கக் காகிதம்.

வியாழக்கிழமை முற்பகலில் அக்காகிதமும், அதனோடு வந்த கண்ணாடித் தகடும் டாக்டர் காயத்ரியின் மேசைக்கு வந்து சேர்ந்தன. திருவள்ளூரை ஒட்டிய அந்த அறக்கட்டளை மருத்துவமனையில், திசுக்களை நுண்ணோக்கியில் வைத்து நோயின் பெயரைச் சொல்பவள் அவள் ஒருத்தியே. வெட்டுவது அறுவை மருத்துவரின் பணி. வெட்டத் தகுந்தது எது, தகாதது எது என்று கூறுவது அவளது பணி.

தகட்டோடு வந்த பரிசோதனை விண்ணப்பத்தில், நோய் வரலாறு எழுத வேண்டிய கட்டத்தில் நான்கே சொற்கள் இருந்தன: வலது காலில் கட்டி, ஓராண்டு. காயத்ரிக்கு அப்போதே சுருக்கென்று கோபம் மூண்டது. மாட்டுச் சந்தையில்கூட மாட்டைப் பற்றி இதைவிட அதிகம் விசாரிப்பார்கள்.

வியர்வைச் சுரப்பிகளில் தோன்றும் கட்டிகள் தீங்கற்றவை, தீயவை என இருவகைப்படும் என்று சொல்லத் தொடங்குவது எளிது. கண்முன் கிடப்பது எந்த வகை என்று சொல்லி முடிப்பதே கடினம். வியர்வைக் குழாய் மேல்தோலைத் துளைத்து வெளியேறும் இடத்தில் பிறப்பது போரோமா. அது உள்ளங்காலில் வேர்விட விரும்புவது, தீங்கற்றது. அதன் கொடிய உடன்பிறப்புக்குப் போரோகார்சினோமா என்று பெயர், அது புற்று. இரண்டுக்கும் முகச்சாயல் ஒன்று. செல்கள் வேகமாகப் பிளவுறுவதையும், நடுவில் திசு செத்துக் கிடப்பதையும் மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதுபவர் ஏமாந்து போவார்; ஏனெனில் அவை நல்லதிலும் உண்டு. உண்மையைச் சொல்வது எல்லை. நல்ல கட்டி தன் வரப்புக்குள் நின்றுகொண்டு அக்கம்பக்கத்தை ஒதுக்கித் தள்ளும். தீய கட்டி வரப்பை உடைத்து அடுத்தவன் நிலத்தில் இறங்கும்; நிணநீர் வழியே தொடையிடுக்குக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் போகும். அந்த எல்லையைக் காண வேண்டுமானால் கட்டியின் அடிப்பகுதி வேண்டும். வந்திருந்ததோ மேலே சீவிய தோல்.

அவள் தகட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். செல்கள் சிறுசிறு தீவுகளாகச் சிதறிக் கிடந்தன. பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் புற்று என்றே தோன்றும். ஆனால் ஒவ்வொரு தீவுக்குள்ளும் உட்கருக்கள் ஒரே அளவில், ஒரே வட்டத்தில், அணிவகுத்த பள்ளிப் பிள்ளைகளைப்போல அடக்கமாக இருந்தன. தீவுகளைச் சுற்றியிருந்ததுதான் அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது. அது தழும்பு, ஒருநாள் தழும்பன்று, வெந்து ஆறி, மீண்டும் வெந்து ஆறி, அடுக்கடுக்காகத் தடித்த தழும்பு. ஆறும் தோல் தன்னுள் சிக்கியதையெல்லாம் இறுக்கித் துண்டாக்கும். இங்கே கட்டி பரவியிருக்கிறதா, அல்லது தழும்பு அதைப் பிய்த்து வைத்திருக்கிறதா? யார் இந்தக் காலைத் திரும்பத் திரும்பச் சுட்டது?

அவள் அறுவை மருத்துவர் பார்த்திபனின் அறைக்கே போனாள்.

"இந்த ஸ்லைட வெச்சு கால எடுக்க முடியாது பார்த்திபன்."

"கேன்சர்னு எழுதிட்டாங்களே காயத்ரி. தியேட்டர் லிஸ்டும் போட்டாச்சு. நீங்க இல்லன்னு சொல்லி, ஆறு மாசத்துல நுரையீரல்ல வந்து நின்னா?"

"இல்லன்னு நான் சொல்லல. தெரியலன்னு சொல்றேன். நமக்குத் தெரியாததுக்கு அந்தாளு கால் அபராதமா?"

"சரி, என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

"கட்டிய மட்டும் முழுசா, ஓரத்தோட, அடிக்கொழுப்போட எடுத்துக் குடுங்க. அதுல புத்துன்னு தெரிஞ்சா நானே மொதல் கையெழுத்து போடறேன்."

"ரெண்டு ஆப்பரேஷன். அவன் கான்ட்ராக்ட் லேபர். ரெண்டு தடவை லீவு குடுப்பானுங்களா?"

"கால் போனா ஒரேயடியா லீவுதான்" என்றாள் காயத்ரி.

பார்த்திபன் பேனாவை மேசைமேல் போட்டான். தோற்றவன் போடும் விதத்தில் அல்ல, வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொள்பவன் போடும் விதத்தில்.

வார்டில் சாலமோன் காலை நீட்டிப் படுத்திருந்தான். நாற்பத்து நான்கு வயது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், மின்கம்பங்களுக்குத் துத்தநாகம் பூசும் ஆலையில் வேலை. பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்கால் மேட்டில், அரை நெல்லிக்காய் அளவில் இருந்த செந்நிறக் கட்டியிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றித் தோல் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்துச் செத்துக் கிடந்தது. பக்கத்தில் அவன் மனைவி கங்கம்மா, அதே ஆலையின் கேன்டீனில் பாத்திரம் கழுவுபவள், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"இதுமேல என்ன வெச்சீங்க?" என்று காயத்ரி கேட்டாள்.

"ஒன்னும் வெக்கல. கால் ஆணின்னு நெனச்சி பிளேடால சீவிக்கினு இருந்தேன்."

"பிளேடு வெட்டும். வேக வெக்காது. இது வெந்த தோல்."

"தெர்லம்மா."

"தெர்லயாம்" என்றாள் கங்கம்மா, சுவரைப் பார்த்து. "பாதி கால் போவப்போவுது, இன்னும் வாயில கொழுக்கட்டைய வெச்சிக்கினு கீறாரு. நாளைக்கு ஒத்தக் கால்ல நொண்டிக்கினு வந்து எங்கிட்ட நாஷ்டா கேளு, வெக்கறேன்."

"நீ சும்மா இரு. இவங்க யாருன்னு தெரியுமா உனக்கு? ஆரம்பாக்கத்து தணிகாசலம் நைனா பொண்ணு. நம்ம சந்துரு சாரு தங்கச்சி."

காயத்ரியின் குடும்பத்துக்கு ஆரம்பாக்கத்தில் பன்னிரண்டு ஏக்கர் நஞ்சை. சாலமோனின் தகப்பன் அந்தச் சேற்றில் இறங்கி நாற்று நட்டவன். காலம் மாறியது, ஆனால் மாறியது களம் மட்டுமே. அன்று நடவுக்கு ஆள் கூப்பிட்ட வீடே இன்று ஷிப்டுக்கு ஆள் கூப்பிடுகிறது. அவளுடைய அண்ணன் சந்திரமோகன், அந்த ஆலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரன்.

"எங்க அண்ணன் பேரச் சொல்லி நோய மறைச்சா, அண்ணனா வந்து கால ஒட்ட வெப்பாரு?" என்றாள் காயத்ரி. குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. கோபம் தப்பான விலாசத்துக்குப் போகிறது என்று தெரிந்தும் அவளால் அதைத் திருப்ப முடியவில்லை.

கங்கம்மாதான் வாயைத் திறந்தாள். "சனிக்கெழம சனிக்கெழம ஷிப்ட் முடிஞ்சதும் ஆசிட் தொட்டி ஓரமா வரிசையா குந்த வெப்பாரு உங்க அண்ணனோட மேஸ்திரி. கால் ஆணி கீறவன், மரு கீறவன், அல்லாரும். தீக்குச்சில பஞ்ச சுத்தி, தொட்டியில தோச்சி வெப்பாரு. இரும்புல துரு எடுக்கற ஆசிட்டு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சா ஒரு ஆள் கொறையுது இல்ல? அதான் இந்த வைத்தியம். ராசிக் கைன்னு பேரு வேற."

"மத்தவனுக்கெல்லாம் ஆறிச்சி" என்றான் சாலமோன், ஏதோ குற்றம் தன் தோலுடையது என்பதுபோல. "எனக்கு மட்டும் திரும்பத் திரும்ப மொளச்சிது. பதினோரு மாசம் வெச்சாரு."

காயத்ரி விண்ணப்பத்தை எடுத்து, நோய் வரலாற்றுக் கட்டத்தில் எழுதத் தொடங்கினாள். சாலமோன் எழுந்து உட்கார்ந்தான்.

"அத எழுதாதீங்க சின்னம்மா. உள்ள இருந்து ஆசிட் எடுத்தான்னு சொல்லி கேட் பாஸ புடுங்கிடுவாங்க. பேஜாரா பூடும்."

"எழுதலன்னா என்ன ஆகும் தெரியுமா? உங்க தழும்ப எந்த ஊர் டாக்டர் பார்த்தாலும், ஆசிட் வெச்சது தெரியலன்னா கேன்சர்னுதான் சொல்வாரு. சொல்லிட்டும் இருக்காங்க. கால வெட்டறதும் விடறதும் இந்த ஒரு வரியப் பொறுத்தது."

அவள் எழுதி முடித்தாள்: பணியிடத்தில், மேற்பார்வையாளர் கையால், பதினோரு மாதங்கள், வாரந்தோறும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வைக்கப்பட்டது.

திங்கட்கிழமை பார்த்திபன் கட்டியை மட்டும், சுற்றிலும் அடியிலும் நல்ல தோலும் கொழுப்பும் சேர்த்து எடுத்துக் கொடுத்தான். காயத்ரி ஓரங்களுக்கு மை பூசி, ஒரு துணுக்கும் விடாமல் முழுவதையும் ஒன்பது துண்டுகளாக்கினாள். புதன்கிழமை தகடுகள் ஆயத்தமாயின. உதவியாளரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதல் தகட்டில் அதே சிதறல், அதே தீவுகள். இரண்டாவதிலும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்று ஒரு மனிதனின் வைத்தியத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டோமோ என்ற அச்சம் முதன்முறையாக எழுந்தது. நான்காவது தகட்டில் கட்டியின் அடி தெரிந்தது. அங்கே அமிலம் எட்டவில்லை, தழும்பும் இல்லை. அங்கே எல்லை, வாய்க்கால் கரையைப்போல வழுவழுப்பாக, உருண்டையாக, ஓரிடத்திலும் உடையாமல் போயிற்று. அடுத்த ஐந்து தகடுகளிலும் அப்படியே. தீவுகள் எல்லாம் தழும்புக்குள்ளேயே இருந்தன. தழும்பைத் தாண்டி ஒன்றுகூட இல்லை. நரம்பைச் சுற்றியும் இல்லை, நிணநீர்க் குழாய்க்குள்ளும் இல்லை. செல்களின் நடுவே வியர்வைக் குழாயாக வர முயன்ற நுண்ணிய துளைகள் தெளிவாகத் தெரிந்தன. தொடையிடுக்கில் எடுத்த ஸ்கேனும் சுத்தமாக இருந்தது.

போரோமா. தீங்கற்றது. முழுமையாக நீக்கப்பட்டது. புற்றுபோலத் தோன்றியது, திரும்பத் திரும்ப வைக்கப்பட்ட அமிலத்தால் உண்டான தழும்பின் விளைவு.

எழுதி முடித்தபோது அவளுக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது, ஒரு மிடறு தண்ணீர் அளவுக்கு. அதன் பின்னால் கோபம் அப்படியே குந்தியிருந்தது.

மறுநாள் சாலமோனும் கங்கம்மாவும் அறிக்கை வாங்க வந்து, அவள் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் கைத்தடியைச் சுவரில் சாய்த்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் கங்கம்மா கும்பிடவில்லை.

"அப்ப அது புத்தே இல்ல. ரெண்டு மாசமா ஊட்ல சோறு எறங்கல. பொண்ணு பிரின்சி காலேஜ் வேணாம்னுட்டு வேலைக்குப் போறேன்றா. இதுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?"

கதவு தட்டாமல் திறந்தது. சந்திரமோகன். காப்பீட்டுக்காக ஆலைக்குப் போன விண்ணப்ப நகலைக் கையில் மடித்து வைத்திருந்தான். அவனைக் கண்டதும் சாலமோன் எழ முயன்றான்; காயத்ரி உட்காரும்படி கையமர்த்தினாள்.

"இன்னா பாப்பா எழுதி வெச்சிருக்க? மேஸ்திரி கையால ஆசிட்டா? கம்பெனிக்காரன் என்ன கூப்ட்டு உக்கார வெச்சி கேக்கறான்."

"நடந்தத எழுதினேன்."

"ஊட்ல வெச்சிக்கினான்னு மாத்தி எழுது. ஒரு வார்த்தைதானே. ரிசல்ட்தான் நல்லா வந்திருச்சாமே, வெறும் சாதாரண கட்டி. அப்புறம் இன்னாத்துக்கு இத ஊதி ஊதிப் பெருசாக்கற?"

தீங்கற்றது என்னும் சொல் இப்படி ஒருவனுக்கு ஒதுங்க நிழலாகும் என்று காயத்ரி எண்ணியிருக்கவில்லை. கட்டி செய்யாத தீங்கையெல்லாம் இவனுடைய ஆள் தீக்குச்சியால் செய்து முடித்திருக்கிறான். இப்போது கட்டியின் நற்குணத்தைத் தன் நற்குணமாகக் காட்டப் பார்க்கிறான்.

"கட்டி சாதாரணம்தான் அண்ணா" என்றாள். "அத புத்து மாதிரி ஆக்கினது உன் ஆளு. இன்னும் நாலு நாள் கழிச்சு நான் பார்த்திருந்தா, இவருக்கு இந்நேரம் பாதி கால் இல்ல. அப்பவும் நீ இங்க வந்து, ஊட்ல வெச்சிக்கினான்னு எழுதச் சொல்லியிருப்ப."

"முதலுதவி மாதிரி செஞ்சான்யா அவன். நல்லதுக்குத்தானே."

"நல்லதுக்குன்னா மொதல்ல உன் கால்ல வெச்சிக்க."

கங்கம்மாவிடமிருந்து சிரிப்பு போன்ற ஒரு சத்தம் வந்து உடனே நின்றது. சந்திரமோகன் அவளைப் பார்க்கவில்லை, சாலமோனைப் பார்த்தான். அது ஆரம்பாக்கத்து வரப்பில் நின்று பார்க்கும் பார்வை.

"சாலமோனு. நீயே சொல்லு. யாராச்சும் உன்ன கட்டாயப்படுத்துனாங்களா? நீயாத்தானே போய் குந்தினே?"

"அண்ணா, இது பேஷண்ட்டோட ரிப்போர்ட். அவருகிட்டதான் குடுப்பேன். அதுல ஒரு வரியும் மாறாது" என்று காயத்ரி குறுக்கிட்டாள். "அந்த வரிசையில எத்தன பேர் குந்தினாங்களோ அத்தன பேரும் எனக்கு வேணும். ஆணின்னு சொல்லி நீங்க சுட்டதுல எது ஆணி, எது வேறன்னு பார்த்தாத்தான் தெரியும். நீ அனுப்பு. இல்லன்னா தொழிற்சாலை ஆய்வாளருக்கு நானே எழுதறேன்."

"யாரு குந்தினான், யாரு எழுந்தான்னு நான் இன்னா பட்டியலா வெச்சிக்கினு இருக்கேன்? அப்படி யாரும் கெடையாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் துணிவு அவனுக்கு எப்போதும் உண்டு. காயத்ரி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சாலமோன் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். புண்பட்ட காலை ஊன்றக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவன் ஊன்றியே நின்றான். சந்திரமோகனைப் பாராமல் அவளைப் பார்த்துப் பேசினான்.

"பதினாலு பேரு, டாக்டரம்மா. நான் சொல்றேன், எழுதிக்கங்க. பீட்டரு, அத்திப்பட்டு. ஜோசப்பு, எளாவூரு."

சந்திரமோகன், "டேய்" என்றான். சாலமோன் நிறுத்தவில்லை. காயத்ரி கையில் கிடைத்த காகிதத்தைத் திருப்பி, பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். ஒவ்வொரு பெயரோடும் எந்தக் கால், எந்த இடம், எத்தனை மாதம் என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். யாரும் அவனிடம் அதுவரை கேட்டிராத கணக்கு அது. ஆறாவது பெயரில் ஒரு கணம் தயங்கினான்.

"இவனுக்கு இடது குதிங்கால்ல. ஆசிட் வெக்க வெக்க செவக்கல, கருத்துக்கினே வருது. ஓரமெல்லாம் மை ஊத்துனா மாதிரி பரவுது. இவன மொதல்ல கூப்டுங்க."

காயத்ரியின் பேனா அங்கேயே நின்றது; குதிங்காலில் மைபோலக் கருத்துப் பரவுவது, தோல் புற்றுகளிலேயே மிகக் கொடியதாக இருக்கலாம். பிறகு அந்தப் பெயரின் கீழே இரண்டு கோடு போட்டு, காகிதத்தை அண்ணனின் முன் தள்ளினாள்.

"இந்தாளு இப்ப எந்த ஷிப்டுல இருக்கான்?"