பதின்மூன்று குப்பிகள்

இஸ்திரிக் கூடத்தில் அவளுக்கு ஒட்டகம் என்று பெயர். வைத்தவர் மேற்பார்வையாளர். காலை எட்டு மணிக்கு நீராவிப் பெட்டியைக் கையில் எடுத்தாளென்றால் மாலை ஆறு வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள், கழிப்பறைச் சாவியையும் கேட்கமாட்டாள். தொண்ணூறு பெண்களுக்கு ஒரே சாவி. அது அவர் மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். ஒரே நாளில் மூன்றாவது தடவை கேட்டவளிடம், எல்லார் காதிலும் விழும்படி, நாளையிலிருந்து வீட்டிலேயே இருந்துகொள்ளேன் என்பார். பதினேழு வருடத்தில் ஒட்டகம் அந்தப் பேச்சு வாங்கியதில்லை. அதில் அவளுக்குப் பெருமை. பெருமைப்பட வேறு எதைத்தான் விட்டுவைத்தார்கள்?

மகள் படிப்பை முடித்துவிட்டு வேறு வேலை தேடி அலுத்துப்போய், போன வருடம் அதே கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். முதல் நாள் காலையில் அவள் பையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை அம்மாதான் எடுத்து வெளியே வைத்தாள்.

"குடிச்சா வந்துடும். வந்தா எங்க போவ? ரெண்டு வாரம் பல்லக் கடிச்சுக்கோ, அப்புறம் தாகமே எடுக்காது."

கெட்டிக்காரப் பெண், பத்தே நாளில் பழகிக்கொண்டாள். குட்டி ஒட்டகம் என்று கூடமே கொண்டாடியது.

அங்கே வருடத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை உண்டு. துணி வாங்குகிற பெரிய மனிதர்கள், வேலை செய்கிறவர்கள் நலமாக இருக்கிறார்களா என்று கேட்டார்களாம். நல்ல எண்ணம்தான். மாடி அலுவலகத்தில் ஒருவருக்குச் சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்தபோது ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தார்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்வர கார் கொடுத்தார்கள். கீழே, நெருப்பாய்க் கொதிக்கிற கூடத்தில், அதே கோளாறு இரண்டு பெண்களுக்கு வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அன்பாகச் சொல்லி வாசலைக் காட்டினார்கள்.

அதிலிருந்து பரிசோதனை என்றாலே வேலை போய்விடுமோ என்று கூடமே பயப்படும். ஒட்டகத்துக்குச் சாயங்காலமானால் கால் வீங்கும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கும். அதை அவள் யாரிடமும் காட்டவில்லை. இப்படிக் காட்டாத வீக்கமும் சொல்லாத எரிச்சலும் அந்த வரிசையில் பன்னிரண்டு பெண்களுக்கு இருந்தன. வழி கண்டுபிடித்தவள் பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரி. வரிசையிலேயே சின்னவள் குட்டி ஒட்டகம்தான், இருபது வயது, ஒரு நோய் நொடி கிடையாது. பரிசோதனை நாளன்று அவள் வீட்டிலிருந்தே ஒரு பாட்டிலில் தன் சிறுநீரைப் பிடித்து வருவாள். கழிப்பறைக்குள் ஒவ்வொருத்தியாகப் போய்த் தன் எண் ஒட்டிய குப்பியில் கொஞ்சம் ஊற்றிக்கொள்வாள். போன வருடம் பன்னிரண்டு பேரும் மாசுமருவில்லாமல் தேறினார்கள்.

"உன் தீர்த்தத்துலதான்டி எங்க வீட்டு அடுப்பு எரியுது, மகராசி" என்று கண்ணாடிக்காரி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

இந்த வருடமும் அதே பாட்டில்தான். குப்பிகள் போய் எட்டாம் நாள், மேற்பார்வையாளர் கையில் காகிதக் கட்டோடு வந்து பெயர்களை வாசித்தார். பன்னிரண்டு பெண்கள், பதின்மூன்றாவதாகக் குட்டி ஒட்டகம். எல்லாக் காகிதத்திலும் ஒரே வாசகம்: சிறுநீரில் ரத்தம், புரதம், பெரிய மருத்துவமனையில் உடனே காட்டவும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். ஒட்டகத்தின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

வாசலுக்கு வெளியே வந்ததும் ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மெஷின் கெட்டிருக்கும், திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்போம் என்று இன்னொருத்தி கிளம்பினாள். கண்ணாடிக்காரி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"திரும்ப எடுத்தா யாரோடதக் குடுப்ப?"

பிறகு எல்லார் கண்ணும் மெல்ல குட்டி ஒட்டகத்தின் மேல் திரும்பின. அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று அழுகையை நிறுத்தினாள். தனக்கு ஒன்றும் இல்லை, காகிதத்தில் இருப்பது தன் நோயே இல்லை என்ற நிம்மதி அவள் முகத்தில் ஒரு கணம் ஓடி மறைந்ததை ஒட்டகம் பார்த்தாள். அந்த நிம்மதியைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே விளங்கியது. கையிலிருந்த தன் காகிதத்தை மறுபடி வாசித்தாள். அது அவளுடையது இல்லை. பதின்மூன்று காகிதமும் அவள் பெற்ற பிள்ளையுடையவை.

உள்ளே போய் உண்மையைச் சொன்னால் வேலை திரும்பக் கிடைத்தாலும் கிடைக்கலாம். ஆனால் அதன்பின் அவரவர் குப்பியை அவரவரே நிரப்ப வேண்டும். அந்தத் தைரியம் ஒருத்திக்கும் இல்லை. ஒவ்வொருத்தியாகக் கலைந்து போனார்கள். கண்ணாடிக்காரி மட்டும் கொஞ்சம் நின்று, பெண்ணின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அம்மாவுக்கு நெஞ்சு வெந்தது. போன வருடம் சுத்தமாக இருந்த உடம்பு. ஒரே வருடம். கழிப்பறையைப் பூட்டி வைத்தவர்கள் மேல் வந்த ஆத்திரத்தைவிட, பாட்டிலை எடுத்து வெளியே வைத்த தன் கையின் மேல்தான் ஆத்திரம் அதிகமாக வந்தது. அந்தக் கையாலேயே மகளை இழுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். பெரிய மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரப் பயணம். வெயில் மண்டையைப் பிளந்தது. பெட்டிக்கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி, மூடியைத் திருகி, மகள் கையில் கொடுத்தாள்.

"முழுசாக் குடி, கண்ணு."

மகள் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு பாட்டிலைத் திருப்பித் தந்தாள்.

"வேணாம்மா. ரெண்டு மணி நேரம் பஸ்ஸுல போகணும். குடிச்சா வந்துடும். வந்தா எங்க போறது?"