ஒரு முழு நிமிடம்

“அக்கா, நான் எத்தன தடவ மூச்சு விட்டேன்?”

குழந்தைகள் வார்டின் ஏழாம் கட்டிலில் இருந்த ஆறு வயது ஜெயபாரதி இப்படிக் கேட்டபோது ஷமீரா அட்டவணையை எழுதி முடித்திருந்தாள். தஞ்சாவூரில் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவள் பொறுப்பில் அன்று பத்துப் பிள்ளைகள்.

“இருபத்திரண்டு.”

“பொய்யி. நீங்க அந்தக்காகிட்டல்ல பேசிக்கிட்டு இருந்தீங்க.”

பக்கத்தில் நின்ற தோழி ஆஷிகா சிரித்தாள். “இவ நம்ம மேடத்தவிட மோசம்டி.”

நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும் என்பது பாடம். ஆனால் காய்ச்சலும் நாடியும் பார்ப்பதற்குள் நேரம் போய்விடும். மூச்சுக்கு எல்லாரும் இருபத்திரண்டு என்று எழுதிவிடுவார்கள்.

“அப்புறம் வந்து எண்ணிச் சொல்றேன்” என்று ஷமீரா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

அவள் திரும்பி வருவதற்குள், அன்று மாலை ஜெயபாரதிக்கு மூச்சுத் திணறியது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

எண்ணாமலே எழுதியதை ஷமீரா தானாகவே ஆசிரியையிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்டித்தார். பிறகு குரலைத் தணித்து, “டாக்டர் அன்னிக்கு பதினோரு மணிக்கே நெஞ்சுல குழல் வச்சுப் பாத்துட்டாரும்மா. கொண்டு வரும்போதே நோவு முத்திப் போயிருந்துச்சு” என்றார்.

அந்த ஆறுதல் அவளோடு விடுதிவரைகூட வரவில்லை. வந்தது வேறொன்று. நூலகத்தில், தொழுகைப் பாயில், சத்தம் அடங்கும் இடத்திலெல்லாம் வலது காதருகே சிறிய, வேகமான மூச்சு. எண்ணத் தொடங்கினால் நின்றுவிடும். இறைவன் ஒவ்வொருவருக்கும் அளந்து கொடுத்த மூச்சை, பார்க்காமலே ஓர் எண்ணாக எழுதிவிட்டோமே என்று அவள் பாயிலேயே உட்கார்ந்திருப்பாள்.

விடுமுறைக்கு நாகூர் போனபோது உம்மா மெஹராஜ் பேகம் முகத்தைப் பார்த்ததுமே சொன்னார்: “எதையோ பாத்துப் பயந்துருக்கு புள்ள.” தர்காவுக்கு அழைத்துப்போய் ஓதி ஊதவைத்தார். திரும்பும் பேருந்தில், நடவு முடிந்த வயல்களைத் தாண்டும்போது, காலியாக இருந்த பக்கத்து இருக்கையில் அந்த மூச்சு வந்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டு மாதம் கழித்துப் பெண்கள் வார்டு. மதியம் ஒரு மணி. அமிர்தம் என்ற முதியவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“இந்தம்மாவுக்கு எழுதிட்டேன்டி, இருபத்திரண்டு” என்றாள் ஆஷிகா. “வா, மெஸ்ஸுல அப்பளம் தீந்துடும்.”

“நீ போ. என்னுதையும் சேத்துத் தின்னு.”

அவள் போனபின் ஷமீரா அமிர்தத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள். கடிகார முள் ஒரு சுற்று முடியும்வரை எண்ணினாள். இருபத்திரண்டுதான். திருத்த ஒன்றுமில்லை.

அப்போது காதருகே அந்த மூச்சு வந்தது. ஷமீரா திரும்பவில்லை. ஒன்று என்றாள் மனதுக்குள். நிற்கவில்லை. இரண்டு. மூன்று. முள் மெதுவாக இன்னொரு சுற்று வந்தது.

“நாப்பத்தெட்டு, பாரதி.”

அமிர்தம் தூக்கத்தில் காலை நீட்டினாள். விலகிய போர்வையை இழுத்துவிட்டு, அட்டவணையைக் கட்டிலின் கால்மாட்டில் மாட்டினாள் ஷமீரா.