யார் முழித்திருந்தது?

ஆலங்குடியிலிருந்து கீரமங்கலம் போகிற ரோட்டில், வாய்க்கால் பாலத்தை ஒட்டி, அன்று காலை பத்து மணிக்கு இருந்தவர்கள்: ரோட்டில் கொள்ளுச் செடியைப் பரப்பிக் கம்பால் புரட்டிக்கொண்டிருந்த காத்தாயி, கொல்லையிலிருந்து அடுத்த செடிக்கட்டைத் தலையில் தூக்கி வந்த அவள் புருசன் அடைக்கலம், புளியமரத்தடியில் வண்டியை அவிழ்த்துவிட்டு மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ராக்கன், மோட்டார் சைக்கிளில் வந்த ரெங்கராஜ்.

ரெங்கராஜை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்பது சந்தேகம்தான். உடம்பு வண்டிமேல் இருந்தது. ஆள் அங்கே இல்லை.

உலகச் சண்டை முடிந்த மறு வருசம் அது. பட்டாளத்தார் ஏலம் விட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை பஸ் கம்பெனி முதலாளி வாங்கி, ரெங்கராஜிடம் கொடுத்திருந்தார். வழியில் பஸ்ஸை மறித்து ஏறி டிக்கெட் பரிசோதிப்பது அவன் வேலை. முந்தின இரண்டு இரவும் ஷெட்டில் பழுதாகிக் கிடந்த பஸ்ஸோடு மாரடித்திருந்தான். விடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பியவன், கீரமங்கலத்தில் ஒரு பஸ்ஸைப் பார்த்துவிட்டு, ஆலங்குடியில் அடுத்ததைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தான்.

அன்று சந்தை நாள். எதிரே வண்டி வண்டியாக வாழைத்தார், பலாக்காய், கூடை கூடையாகக் கோழி. ரெங்கராஜ் ஹாரன் அடிக்கிற வழக்கத்தையே விட்டிருந்தான். அந்த வண்டி போடுகிற சத்தத்துக்கு அரை மைலுக்கு முன்னாலேயே மாடு மிரளும். வண்டிக்காரன் மூக்கணாங்கயிற்றை இழுத்து ஓரம் கட்டுவான். நடந்து போகிறவர்கள் பள்ளத்தில் இறங்கி நிற்பார்கள். எட்டு மாதமாக அவனுக்கு ரோடு தானாகவே திறந்துகொண்டிருந்தது. கண் எதற்கு என்கிற அளவுக்கு வந்துவிட்டிருந்தான். "இந்த ரோட்டுல நான் தூங்கிக்கிட்டே போவேன்" என்று ஷெட்டில் பெருமையடித்தும் இருக்கிறான். பெருமைக்குச் சொன்னதுதான். ஆனால் ஒரு மாதமாக, நேர் ரோடு வந்தால் இமையைக் கொஞ்சம் இறக்கிவிடுவான். பத்து எண்ணுகிற நேரம். பிறகு திறப்பான். ஒன்றும் ஆகாது. மறுநாள் பன்னிரண்டு எண்ணுவான்.

ரோட்டில் கொள்ளு பரப்புவதும் அவனுக்குப் புதிதில்லை. மாசி பிறந்தால் அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். களத்தில் மாடு கட்டி மிதிக்கவிட வசதியில்லாதவர்கள் கெட்டியான ரோட்டில் செடியைப் பரப்பிவிடுவார்கள். சந்தை வண்டிகள் ஏறி ஏறிப் போகும். காய் வெடித்துக் கொள்ளு உதிரும். முந்தின நாள்கூட காத்தாயி அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"அண்ணே, இங்கிட்டு ஓரமா ரெண்டு வாட்டி ஓட்டிட்டுப் போங்க. ஒங்க சக்கரமும் கொஞ்சம் ஒழைக்கட்டும்."

அவனும் சிரித்துக்கொண்டு ஏறிப் போனான். சறுக்கியது. சறுக்கியதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டான்.

அன்று காற்று எதிர்த்திசையில் அடித்தது. சத்தம் பின்னால் போயிற்று. கொள்ளுத் தூசி மூக்கிலும் காதிலும் ஏறினால் அரிப்பு தாங்காது என்று, காத்தாயி முந்தானையால் காதையும் சேர்த்து முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தாள். முதுகு அவன் வருகிற பக்கம். எண்ண ஆரம்பித்தது ரெங்கராஜுக்கு நினைவிருக்கிறது. எத்தனை வரை எண்ணினான் என்பது நினைவில்லை.

சக்கரத்துக்கு அடியில் செடி நொறுங்குகிற சத்தத்தில்தான் கண் திறந்தது. பிரேக்கை மிதித்தான். செடிமேல் வண்டி நிற்குமா? படுத்துக்கொண்டே போய் அவளை அடித்தது.

தொடை எலும்பு முறிந்திருந்தது. ராக்கன் வண்டியில் வைக்கோலைப் பரப்பி அவளைத் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தான். ரெங்கராஜுக்கு முழங்கை தோல் உரிந்திருந்தது. அவ்வளவுதான்.

மத்தியானம் எல்லாரும் போலீஸ் ஸ்டேஷனில் நின்றார்கள். பஸ் கம்பெனி மேனேஜர் நாகராசு மட்டும் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னதாகவே வந்து ஏட்டையாவிடம் பேசி முடித்திருந்தார் என்பது, ஏட்டையா அடைக்கலத்தைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

"ரோடு என்ன, ஒங்க அப்பன் வீட்டுக் களமாடா?"

"இல்லீங்க."

"பரப்புனது யாரு?"

"நாங்கதான் சாமி பரப்புனோம்."

"ஒத்துக்கிட்டியா? சர்க்கார் ரோட்டை மறிச்சு, மோட்டாரைச் சறுக்க வச்சு, கம்பெனி வண்டிக்குச் சேதம். எழுதிக்க வேண்டியதுதான். இன்னிக்கு உள்ள இரு, நாளைக்குக் கோர்ட்டு."

அடைக்கலம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு ரெங்கராஜ் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டான்: "வண்டிக்குப் பெரிய சேதமாங்க? அவ ஆஸ்பத்திரியில ஒத்தையாக் கெடக்கா. என்னை உள்ள வச்சுட்டா அவளுக்குக் கஞ்சி கொண்டு போக ஆளில்லீங்க."

ரெங்கராஜ் சுவரில் சாய்ந்துகொண்டான். அவனுக்குத் தூக்கம் வந்தது. அதுதான் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஒருத்தி காலை உடைத்துவிட்டு வந்து நிற்கிறான், கண் இன்னும் செருகுகிறது. நாகராசு அவன் காதருகே குனிந்தார்.

"நீ ஒன்னும் பேசாத. கேட்டா, செடி சறுக்கிடுச்சுன்னு மட்டும் சொல்லு. பொய் இல்லையே? சறுக்கத்தானே செஞ்சுச்சு?"

பொய் இல்லைதான்.

ஏட்டையா பேனாவை மையில் தொட்டுக்கொண்டு ராக்கனைக் கூப்பிட்டார். "நீ பாத்தியாடா?"

"பாத்தேங்க. பாலத்துக்கு அங்கிட்டு வர்றப்பவே அவரு தலை ஆடுச்சுங்க. எம் மாடு அசை போடுறப்ப ஆடும்ல, அது கணக்கா. ‘ஏய் ஏய்’ன்னு கத்துனேன். அவருக்கும் கேக்கல, அந்தப் பொம்பளைக்கும் கேக்கல."

"மாட்டு வண்டிக்காரன், ஒனக்கு மோட்டாரைப் பத்தி என்னடா தெரியும்?" என்றார் நாகராசு.

"மோட்டாரு தெரியாதுங்க. தூக்கம் நல்லாத் தெரியும்" என்றான் ராக்கன். "நாப்பது வருசமா வண்டி ஓட்டுறேன், பாதித் தூரம் தூங்கிக்கிட்டேதான் போறேன். நான் படுத்தாலும் எனக்கு முன்னால ரெண்டு மாடு முழிச்சிருக்கும்ங்க. ஆளு நின்னா நிக்கும், பள்ளம் வந்தா ஒதுங்கும். இவருக்கு முன்னால யாரு முழிச்சிருந்தாங்கன்னு அவரையே கேளுங்க."

கான்ஸ்டபிள் ஒருவர் சிரித்துவிட்டார். ஏட்டையா முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

ரெங்கராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது. யாரும் முழித்திருக்கவில்லை. அந்த இரும்பு வண்டிக்குக் கண் கிடையாது. எட்டு மாதமாக ரோட்டில் போனவர்கள்தான் அவனுக்காக முழித்திருந்தார்கள். மாட்டை இழுத்தவனும், பள்ளத்தில் இறங்கியவனும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவளும். அவன் வேலையை அவர்கள் செய்தார்கள். இன்றைக்கு ஒருத்தி காதைக் கட்டிக்கொண்டாள்.

"ஏட்டையா" என்றான். "அந்தப் பொம்பளை புருசன் மேல எழுதாதீங்க. நான் தூங்கிட்டேன்."

"ரெங்கராஜ்!" என்று நாகராசு எழுந்தார். "அடிபட்ட மயக்கத்துல ஒளர்றான் ஐயா."

"மயக்கம் இல்லீங்க. செடி கெடக்குறது எனக்குத் தெரியும். நேத்தும் கெடந்துச்சு. முழிச்சிருந்தா நானூறு அடிக்கு முன்னாலயே நின்னிருப்பேன். ரோட்டுல பரப்புனது தப்புன்னா அதைத் தனியா விசாரிங்க. கால் ஒடைஞ்சது என்னால."

"வேலை போயிடும்டா. தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரியும் சார். ரெண்டு ராத்திரி முழிச்சவன் கையில வண்டியக் கொடுத்தது ஒங்க தப்பு. வாங்கிக்கிட்டது என் தப்பு. தூக்கம் வருதுன்னா ஓரமா நிறுத்திருக்கணும், பஸ்ஸு போனாப் போவுதுன்னு. சத்தம் போடுறது வண்டியோட வேலை. பாக்குறது ஓட்டுறவன் வேலை. அடுத்தவன் ஒதுங்கிக்குவான்னு நம்பி ஓட்டுறவன், என்னிக்காச்சும் ஒரு நாள் ஆள்மேலதான் ஏத்துவான்."

ஏட்டையா பேனாவைக் கீழே வைத்தார். எழுதிய தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தார். நாகராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார்.

அடைக்கலத்துக்கு என்ன நடந்தது என்று முழுதாகப் புரியவில்லை. போகலாம் என்றதும் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தான். கும்பிடவுமில்லை, திட்டவுமில்லை. "வாய்யா, கஞ்சிய வாங்கிக்கிட்டுப் போவோம்" என்று ராக்கன் அவன் கையைப் பிடித்து இழுத்துப் போனான்.

கான்ஸ்டபிள் ரெங்கராஜின் இடுப்பு வாரை அவிழ்க்கச் சொன்னார். சாவிக்கொத்தை எடுத்தார்.

"சும்மா இருந்திருந்தா இந்நேரம் வீட்டுல படுத்திருக்கலாம். இனி உள்ள போயித் தூங்கு."

"இங்கன தூங்கலாம்ங்க" என்றான் ரெங்கராஜ். "எனக்கு முன்னால அடிபட யாரும் இல்ல."

குனிந்து உள்ளே போனான். கம்பிக் கதவு மூடியது. பூட்டு ஒரு தடவை சிக்கி, அப்புறம் விழுந்தது.