குடிகாரனைத் தாண்டி

நாற்காலி மேல் ஏறி நின்று ஆணியிலிருந்து படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"தூசி தட்டவா எடுக்கற?"

"ஆமாம்மா."

கூடத்தின் நடுவில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். எடுத்துப் போக வண்டி ஐந்து மணிக்கு வரும். அதற்கு முன்னால், நாலு மணிக்கு, அவளோடு விமானம் ஓட்டுகிறவர்கள் மூன்று பேர் வருவதாகப் போனில் சொல்லியிருந்தார்கள். அவர்கள் கண்ணில் இந்தப் படம் படக் கூடாது. படத்தில் ஒரு சரக்குக் கப்பல், அதன் முன்னால் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இளவயது அப்பா. கப்பலின் புகைபோக்கியில் மூன்று வெள்ளைப் பட்டைகள். அந்தப் பட்டைகளை அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

முப்பத்தோரு வருஷமாக அந்தக் கப்பல் கரையோர மணலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அறுபது மைலுக்கு அங்கே மணலைத் தவிர வேறொன்றும் இல்லை. ஊர் கிடையாது, மரம் கிடையாது. கீழே பார்த்து வழி கண்டுபிடித்துப் பறக்கிற சின்ன விமானங்களுக்கு அது ஒன்றுதான் அடையாளம். அதனால் விமானிகளின் வரைபடத்தில் அதற்கு ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். மூழ்கும் படகு மாதிரி ஒரு குறி, பக்கத்தில் பொடி எழுத்தில், 'உடைந்த கப்பல். தெளிவாகத் தெரியும்.' அதைத் தாண்டும்போது ரேடியோவில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஆனால் யாரும் உடைந்த கப்பல் என்று சொல்வதில்லை. 'குடிகாரன்' என்பார்கள். சாய்ந்து நிற்பதால் அந்தப் பெயர் என்று வைத்துக்கொள்ளலாம். கேப்டன் போதையில் கொண்டுபோய்ச் செருகிவிட்டான் என்ற பேச்சும் இருந்தது. இயந்திரம் நின்றுபோனதுதான் காரணம் என்று விசாரணையில் எழுதினார்கள்தான். அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? அந்தக் கேப்டனுக்கு, அப்பாவுக்கு, அப்புறம் யாரும் கப்பல் கொடுக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சீனியர் கீழே கை காட்டி, நம்ம ஆளுதான், என்ன, விழுந்தவன் எழுந்திரிக்க மாட்டேங்கறான் என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றைக்கே, உங்கப்பா என்ன செய்யறார் என்று அவர் கேட்டதற்கு, ஒரு கம்பெனியில ஆபீஸ் வேலை சார் என்று சொல்லிவிட்டாள். ஏழு வருஷம் ஆகிறது. சிரித்த வாயை மூடிக்கொண்டு உண்மையைச் சொல்ல ஒரு நாள் வாய்க்கும் என்று நினைத்தாள். வாய்க்கவில்லை.

ஒரு தடவை அப்பா வரைபடத்தைப் பார்க்கக் கேட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தப் பொடி எழுத்தை இரண்டு முறை படித்தார். "தெளிவாகத் தெரியுமாம். எங்க கம்பெனி எனக்குக் குடுக்காத சர்டிபிகேட்டு," என்றார். அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

படத்தைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனாள். அங்கே அத்தை, அப்பாவின் அக்கா, தம்பிக்குப் போட்டுவிட நல்ல சட்டையாகத் தேடிக்கொண்டிருந்தாள். இவள் படத்தைப் பீரோவுக்குப் பின்னால் செருகினாள். அத்தை பார்த்துவிட்டு மறுபடியும் சட்டைகளைப் புரட்டினாள். வேலைக்குச் சேர்ந்ததும் விமான நிலையத்துப் பக்கம் தனியாகக் குடிபோனவள், வந்துபோகிறபோது இந்த அறைக்குள் நுழைந்ததில்லை. கட்டிலின் தலைமாட்டில் ஒரு ரேடியோ இருந்தது. நீளக் கம்பி வைத்தது, பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. எண்கள் சுழலும் சின்னக் கண்ணாடி ஜன்னலில் நின்ற எண்ணைக் குனிந்து பார்த்தாள். தினமும் அவள் பேசுகிற அலைவரிசை.

"அது உங்கப்பனோடது. அதைத் தொட்டா யாரையும் விடமாட்டான்," என்றாள் அத்தை.

எப்போதிலிருந்து என்று கேட்டாள். நீ வேலைக்குப் போன வருஷமே வாங்கிட்டான் என்றாள் அத்தை. காலையில் ஒன்பதே முக்கால் ஆனால் வீட்டில் பாத்திரம் உருளக் கூடாதாம், குக்கர் விசில் அடிக்கக் கூடாதாம். புள்ள பேசுது, வாயை மூடுங்கம்பானாம்.

"இரைச்சல்ல ஒரு மண்ணும் புரியாது எனக்கு. அவனுக்கு மட்டும் புரியும். நீ 'குடிகாரனைத் தாண்டிட்டேன்'னு சொல்லுவியாமே, அதைக் கேட்டதும் டக்குனு அணைச்சிருவான். தாண்டிட்டா, இனி பயமில்லம்பான். அப்புறந்தான் காபியே குடிப்பான்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"யாருடி அந்தக் குடிகாரன்? நானும் அவன்கிட்ட கேட்டேன். 'வழியில நிக்கிற ஒரு ஆளு, புள்ளைக்கு வழி சொல்றான்'ன்னான்."

"அப்படியா சொன்னார்?"

"சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். இந்தா, இந்த நீலச் சட்டை நல்லாருக்கா பாரு."

நல்லாருக்கு என்றாள். எந்தச் சட்டை என்று அவள் பார்க்கவில்லை.

சொன்னபடி நாலு மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். மாலையை வைத்துவிட்டு, சுவரோரம் போட்டிருந்த நாற்காலிகளில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார்கள். சீனியர் மட்டும் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் பேசினார். உங்க பொண்ணு எங்ககிட்ட ரொம்ப நல்ல பேரு வாங்கியிருக்காம்மா என்றார். அப்பாவின் பக்கம் திரும்பி ஒரு முறை கும்பிட்டார்.

"ஐயா கம்பெனி ஆபீஸ்ல இருந்தாருன்னு சொல்லியிருக்கா."

அம்மா அவளைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில், வெயில் படாமல் நிறம் மாறாதிருந்த அந்தச் சதுரத்தையும் ஆணியையும் பார்த்தாள்.

அவள், சொல்லிவிடு அம்மா, என்று மனசுக்குள் கெஞ்சினாள். நீயாவது சொல்லிவிடு.

"ஆமா தம்பி," என்றாள் அம்மா. "ஆபீஸ்லதான். உக்காந்த வேலை."

"நல்லதும்மா. வெயில் மழைன்னு அலையாத வேலை."

"அலையல."

சீனியர் எழுந்தார். வாசல்வரை அவளும் கூடப் போனாள். இந்த வாரம் முழுக்க வர வேண்டாம், உன் முறையை நாங்க பாத்துக்கறோம் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். தலையாட்டினாள். இப்போதாவது சொல்லிவிட வாயைத் திறந்தாள். கப்பல் என்ற சொல் மட்டும் வரவில்லை.

"அப்பா குடிக்கவே மாட்டார் சார்."

அவர் நின்று அவளைப் பார்த்தார். அழுது களைத்த பிள்ளை எதையோ சொல்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். தோளில் இரண்டு முறை தட்டினார்.

"நல்ல பழக்கம்மா," என்றார்.

உள்ளே அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் செருப்புகள் நிறையச் சேர்ந்திருந்தன. சீனியர் தன்னுடைய ஒற்றை ஷூவைக் காணாமல் குனிந்து தேடினார். அது படிக்குக் கீழே, அவள் காலடியிலேயே, கவிழ்ந்து கிடந்தது. அவள் குனிந்து எடுத்து, நிமிர்த்தி, அவர் முன்னால் வைத்தாள்.